பதவிப் பெயரில் இல்லாத இயற்பியல்

ஹைதராபாத்தின் மெட்டுகுடா மெட்ரோ நிலையத்தில் நாகோல் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் தார்நாகா, ஹப்சிகுடா, என்.ஜி.ஆர்.ஐ. என்று வரிசையாக நிலையங்கள் வரும். முதல் இரண்டும் ஊர்ப் பெயர்கள். மூன்றாவது, 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் சுருக்கப் பெயர். இயற்பியல் நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் எந்த நகரத்துக்கும் பெருமைதான். ஆனாலும் அந்த வழியே தினமும் போய்வரும் வீடுகளில், பிளஸ் டூ முடித்த பிள்ளை "பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் சேரட்டுமா?" என்று கேட்டால், "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்ற பதில் கேள்விதான் வரும். மதுரையிலும் தஞ்சாவூரிலும் இதே கேள்விதான். வாத்தியார் வேலை, இல்லாவிட்டால் ஐ.டி. கம்பெனி. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை.

பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவம் படித்தவர் மருத்துவர், சட்டம் படித்தவர் வழக்கறிஞர். இயற்பியல் படித்தவருக்கு அப்படி வாசலில் மாட்டும் பலகை கிடையாது. 'இயற்பியலாளர்' என்ற பதவிப் பெயரோடு வரும் வேலைகள் நம் நாட்டில் மிகக் குறைவு. ஆனால் அன்றாடம் இயற்பியலையே செய்யும் வேலைகள் நிறைய உண்டு. அவை வேறு பெயர்களில் இருக்கின்றன. அந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ள மெட்டுகுடாவைவிட நல்ல இடம் கிடைக்காது. தெற்கு மத்திய ரயில்வேயின் குடியிருப்புகளும் லாலாகுடா பணிமனையும் இதன் அக்கம்பக்கம். ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பொறியாளர்களுக்கு நாட்டிலேயே முதன்மையான பயிற்சி நிறுவனமான இரிசெட், 1957 முதல் தார்நாகா சாலையில் இருக்கிறது. ரயில்வே வேலைக்கு ஆள் எடுக்கும் செகந்திராபாத் ஆர்.ஆர்.பி. அலுவலகம் தெற்கு லாலாகுடாவில். செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ரயில்வே அந்நியமான இடமும் அல்ல.

ரயில்வே சிக்னலில் இருந்தே தொடங்கலாம். ஒரு வண்டி ஓரிடத்தில் நிற்கிறது என்பது பின்னால் வரும் வண்டிக்கு எப்படித் தெரிகிறது? 1872இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த 'டிராக் சர்க்யூட்' முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. தண்டவாளத்தின் ஒரு நீளத்தை இரு முனைகளிலும் மின்காப்புள்ள இணைப்புகளால் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு முனையில் சில வோல்ட் தரும் மின்கலம், மறுமுனையில் ஒரு ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். வண்டி இல்லாதபோது மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே போய், ரிலேயின் கம்பிச்சுருளைக் கடந்து, அடுத்த தண்டவாளத்தின் வழியே திரும்புகிறது. சுருள் காந்தமாகி ரிலேயைத் தூக்கிப் பிடிக்கிறது: பாதை காலி. வண்டியின் முதல் அச்சு உள்ளே நுழைந்ததும் சக்கரமும் அச்சும் சேர்ந்து இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடுகின்றன. மின்னோட்டத்துக்கு மிகக் குறைந்த தடையுள்ள குறுக்குவழி கிடைத்துவிட்டது. ரிலேக்குப் போதுமான மின்னோட்டம் போகவில்லை, அது கீழே விழுகிறது, சிக்னல் சிவப்பாகிறது.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. மின்கலம் தீர்ந்துபோனாலும் சிவப்பு. கம்பி அறுந்தாலும் சிவப்பு. தண்டவாளமே முறிந்து பிரிந்தாலும் பெரும்பாலும் சிவப்பு. பச்சை காட்டுவதற்குத்தான் மின்சாரம் வேண்டும். ரிலேயைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அது ஒருநாளும் பழுதாவதில்லை.

ஆனால் மழைக்காலம் வந்தால் வேறு கதை. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய ஜல்லி நனைந்து, இடையில் சேறு சேரும்போது, மின்னோட்டம் அந்த ஈரத்தின் வழியே ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குக் கசிகிறது. வண்டியே இல்லாமல் ரிலே விழுந்துவிடும். ஆபத்து இல்லை, தாமதம்தான். இதற்கு நேர்மாறான நிலைதான் பயங்கரமானது. அதிகம் வண்டி ஓடாத தண்டவாளத்தில் துரு படிந்தால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தடை கூடும். குறுக்குவழி சரியாக ஏற்படாமல், வண்டி நிற்கும்போதே பாதை காலி என்று காட்டக்கூடும். கசிவு இருந்தாலும் ரிலே விழாமல் நிற்க வேண்டும், வண்டி வந்தால் தவறாமல் விழ வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் மின்தடையைச் சரியாக அமைப்பதுதான் சிக்னல் பராமரிப்பு செய்பவரின் வேலை. ஓம் விதி பத்தாம் வகுப்புப் பாடம். அதை வெயிலிலும் மழையிலும், எந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்து பயன்படுத்துவதற்குப் பட்டப்படிப்பின் ஆய்வகப் பயிற்சி வேண்டும்.

அதனால்தான் ரயில்வே 2024இல் வெளியிட்ட அறிவிக்கையில் 'டெக்னீஷியன் கிரேடு ஒன்று (சிக்னல்)' பதவிக்கான தகுதிகளில் பி.எஸ்சி. இயற்பியலும் இருந்தது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய், அதற்கு மேல் படிகள். 'டெக்னீஷியன்' என்ற சொல்லைப் பார்த்ததும் அது ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு என்று ஒதுக்கிவிடும் இயற்பியல் பட்டதாரிகள் பலர். அதே சிக்னல் பிரிவில் ஜூனியர் இன்ஜினியர் பதவிக்கு நேரடியாகச் சேரப் பொறியியல் டிப்ளமோவோ பட்டமோ வேண்டும். இயற்பியலை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஏமாற்றம் குறையும்.

வண்டிகள் மோதாமல் தடுக்கும் 'கவச்' கருவியின் வளர்ச்சியிலும் இந்த வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 மார்ச் 4 அன்று செகந்திராபாத் கோட்டத்தில் குல்லகுடாவுக்கும் சிட்கிட்டாவுக்கும் இடையே இரண்டு என்ஜின்களை ஒரே பாதையில் எதிரெதிரே வரவிட்டுச் சோதித்தார்கள். 380 மீட்டர் இடைவெளி இருக்கும்போதே கவச் தானாக பிரேக் போட்டு என்ஜினை நிறுத்திவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும் என்ற இயக்கவியல் பாடம் அந்தக் கருவியின் கணக்குக்கு அடிப்படை.

அடுத்தது தண்டவாளத்துக்கு உள்ளே பார்ப்பது. எஃகுக்குள் ஒளிந்திருக்கும் விரிசலைக் கண்ணால் காண முடியாது. தண்டவாளத்தின் மேல் ஒரு சிறு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் அடியில் இருக்கும் படிகங்களுக்கு மின்துடிப்பு கொடுத்தால் அவை அதிர்ந்து மீயொலி அலையை எஃகுக்குள் அனுப்பும். திரும்பி வரும் எதிரொலியை மீண்டும் மின்துடிப்பாக மாற்றும். கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவு இது. எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். 172 மில்லிமீட்டர் உயரமுள்ள தண்டவாளத்தின் அடியைத் தொட்டுத் திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 58 பங்குதான் ஆகும். அதற்கு முன்பே எதிரொலி வந்தால் நடுவில் ஏதோ குறை இருக்கிறது. தள்ளுவண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பதற்கும் காரணம் உண்டு. கருவிக்கும் எஃகுக்கும் இடையே மயிரிழைக் காற்று இருந்தாலும் அலை உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும். ஸ்கேன் அறையில் வயிற்றில் தடவும் கூழும் இதே காரணத்துக்காகத்தான்.

நேராகக் கீழே போகும் அலைக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்டவாளத்தின் தலைப்பகுதியில் உருவாகும் மிக ஆபத்தான குறுக்கு விரிசல், செங்குத்திலிருந்து சுமார் 20 டிகிரிதான் சாய்ந்திருக்கும். நேர் அலை அதன் விளிம்பை உரசிக்கொண்டு போய்விடும், எதிரொலி வராது. ஆகவே 70 டிகிரி சாய்வில் இன்னொரு அலையையும் செலுத்துகிறார்கள். அது விரிசலின் முகத்தில் நேராக மோதித் திரும்புகிறது. ஒளியியல் வகுப்பில் படித்த எதிரொளிப்பும் விலகலும் இங்கே உயிர்களைக் காக்கின்றன.

பணிமனைகளில் அச்சுகளை இப்படிச் சோதிக்கும் ஆய்வகங்களில் 'கெமிக்கல் அண்டு மெட்டலர்ஜிக்கல் அசிஸ்டென்ட்' என்று ஒரு பதவி உண்டு. பெயரில் வேதியியல் இருக்கிறது, உலோகவியல் இருக்கிறது, இயற்பியல் இல்லை. ஆனால் கேட்கப்படும் தகுதி, இயற்பியலும் வேதியியலும் படித்துக் குறைந்தது 45 விழுக்காடு எடுத்த அறிவியல் பட்டம். ரயில்வேக்கு வெளியே இந்தத் துறையை என்.டி.டி. என்பார்கள். கொதிகலன், எண்ணெய்க் குழாய், விமான பாகம், அணு உலை என்று உடைக்காமல் சோதிக்க வேண்டிய எல்லா இடத்திலும் இதற்கு வேலை உண்டு. இத்துறையின் இந்தியச் சங்கத்துக்குத் தலைமையகம் சென்னையில்தான். இயற்பியல் பட்டத்தோடு, படிப்படியான சான்றிதழ்கள் பெற்று இதில் நுழையலாம். திருச்சியும் கல்பாக்கமும் இதற்குப் பழக்கப்பட்ட ஊர்கள்.

இனி மெட்ரோவில் மூன்று நிலையம் தள்ளி இருக்கும் என்.ஜி.ஆர்.ஐ.க்குப் போகலாம். 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் நிலம் அதிர்ந்தது. அணையில் தேக்கிய நீர் நிலநடுக்கத்தைத் தூண்ட முடியுமா என்ற கேள்வியை உலகமே தீவிரமாக எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். நீரின் எடை மட்டும் காரணமில்லை. பாறையின் துளைகளுக்குள் ஊடுருவும் நீரின் அழுத்தம், பிளவுப் பரப்புகளை இறுக்கிப் பிடித்திருக்கும் உராய்வைக் குறைக்கிறது. என்.ஜி.ஆர்.ஐ. பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் பொருள் இது. அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஹர்ஷ் குப்தா இந்த ஆய்வால் உலக அளவில் அறியப்பட்டவர்.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு மையமும் இந்த நகரத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை ஏறக்குறைய ஆறரை மணிக்கு சுமத்ராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. நாகப்பட்டினத்தை அலை அடித்தபோது அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் கையில் இருந்தும் சொல்ல ஆள் இல்லை, ஏற்பாடு இல்லை. அந்தத் துயரத்துக்குப் பின் 2007 அக்டோபரில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. கடலே இல்லாத ஹைதராபாத்தில், கடல்சார் தகவல் சேவை தரும் இன்காய்ஸ் நிறுவனத்தில் அது இயங்குகிறது.

அங்கே செய்யும் கணக்கின் மூலச் சூத்திரம் எளிது: சுனாமியின் வேகம் என்பது கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி எடுக்கும் வர்க்கமூலம். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் 36 கிலோமீட்டர்தான். வேகம் குறையக் குறைய, பின்னால் வரும் நீர் நெருக்கிக்கொண்டு வந்து உயரமாக எழுகிறது. அலை எப்போது வரும் என்பதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம். வருமா என்பதுதான் கடினமான கேள்வி. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்து, சென்னையில் மக்கள் கட்டடங்களை விட்டு வெளியே ஓடிவந்தார்கள். பேரலை எழவில்லை. அன்று கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடலடி மேலே எழும்பினால்தான் அதன் மேலிருக்கும் நீரும் எழும்பும். அதிர்வின் அளவை மட்டும் பார்த்து ஊரைக் காலி செய்யச் சொன்னால் நான்காவது முறை யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே கடலடி அழுத்தத்தை அளக்கும் கருவிகள், அலைமானிகள், கணினி மாதிரிகள், இவற்றை நள்ளிரவிலும் உட்கார்ந்து படித்துப் பார்க்கும் மனிதர்கள் வேண்டும்.

இந்த உலகத்துக்குள் நுழைய எம்.எஸ்சி. புவி இயற்பியல் நேர்வழி. எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களுக்கும் வழி உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வில் 'ஜியோஃபிசிசிஸ்ட்' பதவிக்கு இயற்பியல் முதுகலையும் தகுதிதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தென்மண்டலத் தலைமையகமும் ஹைதராபாத்தில் இருக்கிறது. இளநிலைப் பட்டத்தோடு போக விரும்புகிறவர்கள் வானிலைத் துறையின் 'சயன்டிஃபிக் அசிஸ்டென்ட்' பதவியைக் கவனிக்கலாம். 2022இல் எஸ்.எஸ்.சி. வெளியிட்ட அறிவிக்கையில் இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட, முதல் வகுப்பு அறிவியல் பட்டம் கேட்கப்பட்டது.

என்னைக் கேட்டால், இயற்பியல் மாணவர்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பதும் நாட்டுக்கு மிக அதிகமாகத் தேவைப்படுவதும் மருத்துவ இயற்பியல்தான். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மருத்துவமனையில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் மருத்துவர். அந்த அளவுதான் நோயாளியின் உடலுக்குள் உண்மையில் போய்ச் சேர்கிறது என்று உறுதி செய்பவர் மருத்துவ இயற்பியலாளர். நாளொன்றுக்கு 2 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வீதம் 30 நாளில் 60 கிரே என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. இதில் ஐந்து விழுக்காடு பிசகினாலே விளைவு மாறிவிடும்: கூடினால் நல்ல திசு கெடும், குறைந்தால் கட்டி தப்பிக்கும்.

இயந்திரத்தின் கதிரை அளக்க, பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு சிறு அயனிக் கலத்தை வைக்கிறார்கள். கலத்துக்குள் இருப்பது வெறும் காற்று. கதிர் அந்தக் காற்றை அயனியாக்கும், அந்த மின்னூட்டத்தை எண்ணினால் கதிரின் அளவு தெரியும். கலம் வெளிக்காற்றுக்குத் திறந்தது. ஹைதராபாத் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் ஆறு விழுக்காடு குறைவு. கலத்துக்குள் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு, ஆகவே மின்னூட்டமும் குறைவு. அழுத்தமானியைப் பார்த்துத் திருத்தம் செய்ய ஒருவர் மறந்தால், இயந்திரம் குறைவாகக் கொடுக்கிறது என்று எண்ணி அதைக் கூட்டி வைத்துவிடுவார். 60 கிரே என்று எழுதிய நோயாளிக்கு ஏறக்குறைய 64 கிரே போகும். வாயு விதியில் ஒரு வரி! அந்த ஒரு வரியை அறிந்த ஒருவர் அறையில் இருப்பது உயிர் காக்கும் விஷயம்.

அதனால்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்வீச்சுச் சிகிச்சை மையம் எதுவும் மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் இல்லாமல் இயங்கக் கூடாது என்று விதித்திருக்கிறது. இதற்கான பாதை: பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல், அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து அதன்மேல் ஒரு முதுகலை டிப்ளமோ. இரண்டு வழியிலும் முடிவில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது; மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் டிப்ளமோ இருக்கிறது. சேரும் முன் அந்தப் படிப்பை வாரியம் ஏற்றிருக்கிறதா, பயிற்சிக்கு மருத்துவமனை இருக்கிறதா என்ற இரண்டையும் விசாரித்துவிட வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் ஆண்டுகள் வீணாகும்.

ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த நகரத்தில் நல்ல முன்னோடி உண்டு. வானியலாளர் வைணு பாப்பு, நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவரின் மகன். நிஜாம் கல்லூரியில் படித்து, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டு போனார். 1949இல் அங்கே ஒரு வால்மீனைக் கண்டார், அதற்கு அவர் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது. பிறகு கொடைக்கானல் வானாய்வகத்தை நடத்தி, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கினார். அங்கே 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இன்று முனைவர் பட்டம் என்றால் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். தேசியத் தகுதித் தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கின்றன. அதன் பிறகும் நிரந்தர வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆராய்ச்சியை உண்மையாகவே விரும்புகிறவர்கள் மட்டும் போக வேண்டிய வழி அது.

இயற்பியலில் தொடங்கி வேறு துறைக்குப் போனவர்கள் தோற்றவர்கள் என்று எண்ணுவது பெரும் தவறு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு உயிரியல் படிக்கப் போனார். ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் வேதியியல் நோபல் பெற்றார். அப்துல் கலாம் 1954இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்று, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்கு மாறி, 1982இல் ஹைதராபாத் டி.ஆர்.டி.எல். ஆய்வகத்தின் இயக்குநராக வந்தார். அந்தத் தாண்டுதல் இன்றும் முடியும். பி.எஸ்சி. முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் முறை தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை கல்லூரிகளில் மாணவர்களிடம் இதைச் சொல்கிறார்கள் என்பதுதான் கவலை.

மென்பொருள், தரவு ஆய்வு, வங்கி இடர்க் கணக்கு ஆகியவற்றிலும் இயற்பியல் படித்தவர்கள் ஏராளம். ஆனால் அந்த வேலைகள் மட்டும்தான் இலக்கு என்றால் மூன்று ஆண்டு இயற்பியல் சுற்றுவழி. கணினி அறிவியலோ புள்ளியியலோ நேர்வழி. இயற்பியலைப் பிடித்துப் படிக்கிறவர் கூடவே நிரல் எழுதவும் கற்றுக்கொண்டால் அந்தக் கதவும் திறந்திருக்கும், அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஆய்வகத்தில் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவீடுகளை எழுதாதீர்கள். ஊசல் சோதனையில் 9.8 வராமல் 9.3 வந்தால் அதையே எழுதி, ஏன் என்று தேடுங்கள். தொட்டிக்குள் அயனிக் கலத்தை வைப்பவரும் சுனாமி மையத்தில் திரையைப் பார்ப்பவரும் மாதம் முழுவதும் செய்வது அந்தத் தேடலைத்தான். இரண்டாவது, ஆர்.ஆர்.பி., எஸ்.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., கல்பாக்கம் என்று எங்கிருந்து அறிவிக்கை வந்தாலும் பதவிப் பெயரை மட்டும் பார்த்து மூடிவைக்காதீர்கள். கல்வித் தகுதி என்ற பத்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். இயற்பியல் என்ற சொல் அங்கே இருந்தால் கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள்.